விதி என்றால் யார் எழுதிய விதி?

1

என் அக்கா மகன் பாலிடெக்னிக் படிக்கிறான். யாரோ வித்துட்டுப் போன பழைய கம்ப்யூட்டரை வாங்கி, காசு சேர்த்து உள்ளே ஒவ்வொரு சாமானாக மாற்றி, ராத்திரியெல்லாம் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பான். ஒருநாள் என்னைக் கூப்பிட்டான். "மாமா, இதுல எதைத் தொடட்டும்? நீ சொல்லு." திரையில் ஒரு மொட்டைமாடி. கீழே ஊர் முழுக்க விளக்கு. ஒரு பெண் கையில் இரண்டு மாத்திரையோடு உட்கார்ந்திருக்கிறாள். அவள் சாகப்போகிறாள். யாரைக் கூப்பிடுவது, யாரை நம்புவது என்று நாலைந்து வரி ஓரமாக எழுதியிருக்கிறது. ஒன்றைத்தான் தொட முடியும். தொட்டதும் கதை அந்தப் பக்கம் போய்விடும்.

அது 'சைபர்பங்க் 2077'. போலந்து நாட்டு சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2020 டிசம்பரில் வெளியிட்ட வீடியோ கேம். 3 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதில் கதையின் முடிவுகளுக்கு டாரட் சீட்டுகளின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். நட்சத்திரம், சூரியன், சாத்தான், நிதானம், கோபுரம்.

இலக்கியப் பத்திரிகையில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். மனிதருக்கு விதிக்கப்பட்டது எது, அவர் தேர்ந்தெடுத்தது எது என்பது இலக்கியத்தின் பழைய கேள்வி. அதே கேள்வியைக் கோடிக்கணக்கான இளைஞர்களிடம் இன்றைக்கு ஒரு பிரதி கேட்கிறது என்றால், அது எப்படிக் கேட்கிறது, பதிலாக எதையெல்லாம் அனுமதிக்கிறது, எதையெல்லாம் வாயைத் திறக்கவிடாமல் அடைக்கிறது என்று பார்க்காமல் விடுவது நமக்குத்தான் நஷ்டம்.

2

தமிழில் 'விதி' என்றால் தலைவிதியும்தான், விளையாட்டு விதியும்தான். ஒன்று யாராலும் மாற்ற முடியாதது என்று சொல்லப்படுகிறது. மற்றது நாலு பேர் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டது. டாரட் சீட்டின் வரலாறு இந்த இரண்டாவது விதி முதலாவதாக வேஷம் போட்ட வரலாறு.

டாரட் முதலில் ஜோசியம் அல்ல. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிரபுக்கள் வீட்டில் ஆடிய சீட்டாட்டம். மொத்தம் 78 சீட்டு. 56 சாதாரணச் சீட்டு, 21 படம் போட்ட துருப்பு, அதோடு ஒரு முட்டாள். சூரியனும் சந்திரனும் சாத்தானும் சாவும் அங்கே துருப்புச் சீட்டுகள்தான், ஒன்றை ஒன்று வெட்டுவதற்கு. முட்டாளை இறக்கினால் பொதுவாக அந்தச் சுற்றை ஜெயிக்க முடியாது. ஆனால் கட்டாயம் போட்டே ஆகவேண்டிய சீட்டைப் போடாமல் அப்போதைக்குத் தப்பிக்கலாம்.

சுமார் முந்நூறு வருஷம் இப்படி ஆடியபிறகு, 1781இல் பாரிசில் கூர் த ஜெப்லின் என்பவர் இவை பண்டைய எகிப்தின் ஞானச் சின்னங்கள் என்று எழுதினார். ஆதாரம் கிடையாது. எகிப்திய எழுத்தைப் படிக்கவே ஐரோப்பாவில் அப்போது ஆள் இல்லை. ஆனால் அடுத்த சில வருஷங்களிலேயே சீட்டை வைத்துக் குறி சொல்லும் தொழில் அச்சுப்புத்தகத்தோடு கிளம்பிவிட்டது. இந்தக் கதையை 1980இல் ஒரு பெரிய நூல் எழுதிக் கட்டுடைத்தவர் மைக்கேல் டம்மெட். ஆக்ஸ்போர்டு தத்துவப் பேராசிரியர். இங்கிலாந்தில் நிறவெறிக்கு எதிராகத் தெருவில் இறங்கி வேலை செய்தவரும் அவரே. பிறப்பின் பேரால் மனிதர் மேல் எழுதப்படும் 'விதி'யை எதிர்த்தவர், சீட்டின் மேல் ஏற்றிய 'விதி'யையும் தோலுரித்தார். அவருக்குள் இரண்டும் தனித்தனி வேலையாக இருந்திருக்கலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை.

இன்றைக்கு உலகம் முழுக்கப் புழங்கும் டாரட் படங்களை 1909இல் லண்டனில் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். சிறுவயதில் சில காலம் ஜமைக்காவில் வளர்ந்தவர். அங்கே கேட்ட அனான்சி கதைகளை 1899இலேயே புத்தகமாகப் போட்டவர். 78 படத்தையும் அவர் வரைந்தார். சீட்டுக்கட்டுக்கோ, பதிப்பாளர் ரைடர், வேலை கொடுத்த வெயிட் இருவர் பெயர்தான் நிலைத்தது. பெரிய வேலை, ரொம்பக் கொஞ்சம் காசு என்று அவரே ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். 1951இல் வறுமையில் செத்தார். ஊருக்கெல்லாம் விதி சொல்லும் படத்தை வரைந்த கைக்கு ராயல்டி கிடையாது. அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் பிற்பாடு வந்ததுதான்.

ஆக, விளையாட்டாக இருந்து ஜோசியமாகி, இப்போது ஜோசிய வேஷத்தோடேயே மறுபடி விளையாட்டுக்குள் வந்திருக்கிறது டாரட். இந்த வேஷம் யாருக்கு உதவுகிறது?

3

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நைட் சிட்டி என்கிற கலிபோர்னியக் கற்பனை நகரம். அரசாங்கத்தைவிடக் கம்பெனி பெரிசு. அராசாகா அதில் தலையானது. வி என்பவள் கூலிக்குத் திருட்டு வேலை செய்கிறவள். (ஆணாகவும் ஆடலாம். அக்கா மகன் ஆடியது பெண்.) அராசாகாவிடம் திருடிய ஒரு சில்லு அவள் தலைக்குள் போய்விடுகிறது. அதில் செத்துப்போன பாடகன் ஜானி சில்வர்ஹேண்டின் மனசு நகலெடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. நாளாக நாளாக அவன் வளர்வான், இவள் அழிவாள். ஊர்ச் சுவர்களில் 20 டாரட் ஓவியங்கள். வி அவற்றைத் தேடிப் பார்த்துவந்தால், குறி சொல்லும் மிஸ்டி விளக்கம் சொல்வாள். கடைசியில் அந்த மொட்டைமாடி.

அங்கிருந்து ரோக் என்கிற பழைய கூலிப்படைக்காரியைக் கூப்பிட்டால் சூரியன். வி ஊரே பேசும் பெரிய ஆளாகிறாள். ஆல்டெகால்டோ என்கிற நாடோடிக் கூட்டத்தைச் சேர்ந்த பனாமைக் கூப்பிட்டால் நட்சத்திரம். ஊரை விட்டே வெளியேறுகிறார்கள். அராசாகா முதலாளியின் மகள் ஹனாக்கோவை நம்பினால் சாத்தான். உடம்பை ஜானிக்கே விட்டுக்கொடுத்தால் நிதானம். மாத்திரையைத் தூக்கிப்போட்டால் தற்கொலை. 2023இல் வந்த 'பேண்டம் லிபர்ட்டி' என்ற சேர்க்கையில் கோபுரம்.

ஒரு முடிவு பார்த்தபிறகு பழைய இடத்துக்குத் திரும்பி வேறொன்றைத் தொடலாம். எல்லாம் பார்த்தபிறகுதான் ஒன்று விளங்குகிறது. நட்சத்திரத்திலும் ஆறு மாசம்தான், சூரியனிலும் ஆறு மாசம்தான். கோபுரத்தைத் தவிர வேறெங்கும் விக்குப் பிழைக்க வழி கிடையாது. எந்தச் சீட்டை எடுத்தாலும் சாவுதான் என்றால் 'தேர்வு' எதற்கு? சாவா வாழ்வா என்பது இங்கே கேள்வியே இல்லை. சாகிற உடம்பு யாருக்குச் சொந்தம், அதற்காக வேறு யார் சாவது என்பதுதான் கேள்வி.

ரோக்கைக் கூப்பிட்டால் ஆடம் ஸ்மாஷர் கையில் ரோக் சாகிறாள். பனாமைக் கூப்பிட்டால் அந்தக் கூட்டத்தின் தலைவன் சால் சாகிறான். நம்முடைய விடுதலைக்கு அடுத்தவர் உயிர் விலை. இந்த விஷயத்தில் நேர்மையான பிரதி இது. வழக்கமான சாகசக் கதையில் நாயகனுக்குத் துணைக்கு வந்தவன் செத்தால் ரெண்டு நிமிஷம் சோக இசை, அவ்ளோதான். இங்கே கூப்பிடும்போதே கை நடுங்குகிறது. அக்கா மகன் அரைமணி நேரம் எதையும் தொடாமல் இருந்தது அதனால்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த மாடியில் யார் பெயர் தெரியும் என்பது ஏற்கனவே முடிவானது. பனாமின் கஷ்டத்தில் கூட நிற்காதவருக்குப் பனாமின் பெயர் அங்கே தோன்றாது. ரோக், ஜானி விஷயமும் அப்படியே. ஆக நட்சத்திரம் மேலேயிருந்து விழுந்த சீட்டு அல்ல. முன்னாடி எத்தனையோ ராத்திரி வண்டி ஓட்டி, மணல்காட்டில் காவல் இருந்து சேர்த்த உறவு. அதை விதியின் சின்னமாகச் சுவரில் வரைந்தது யார்? உழைப்பை எடுத்து அதன்மேல் அதிர்ஷ்டம் என்று பெயர் எழுதுகிற வேலை இது. இந்த மோசடி நமக்குப் புதிதில்லை.

4

சாத்தான் சீட்டைப் பாருங்கள். பமீலா வரைந்த படத்தில் ஒரு ஆணும் பெண்ணும் சாத்தானின் பீடத்தில் கட்டப்பட்டிருக்கிறார்கள். கழுத்துச் சங்கிலி தளர்வாகத்தான் கிடக்கிறது. நினைத்தால் கழற்றிவிடலாம். கேம் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறது. கம்பெனியை நம்பிய விக்கு விண்வெளி நிலையத்தில் அறுவைச் சிகிச்சை நடக்கிறது. ஜானியை எடுத்துவிடுகிறார்கள். பிறகு ஒரு வெள்ளை அறை. தினம் தினம் அதே பரிசோதனை, அதே கேள்வி. நாம் தொடுவதற்கு வரிகள் வருகின்றன, எதைத் தொட்டாலும் எதுவும் மாறுவதில்லை. கடைசியில்தான் சொல்கிறார்கள், ஆறு மாசத்துக்குமேல் தாங்காது என்று. ஒப்பந்தம் நீட்டப்படுகிறது. கையெழுத்துப் போட்டால் மனசை நகலெடுத்துக் கம்பெனிக் கிடங்கில் வைத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் பூமிக்குப் போய்ச் சாகலாம். இதற்குள் கிழட்டு முதலாளி சபுரோ தன் சொந்த மகனின் உடம்புக்குள் ஏறித் திரும்பி வந்துவிடுகிறான். உடைமையுள்ளவனுக்கு மறுபிறவி, உழைத்தவளுக்குக் கிடங்கு. இவ்வளவு தெளிவாகக் கம்பெனி முதலாளித்துவத்தைச் சொன்ன நாவல்கள் குறைவு என்றே சொல்வேன்.

ஆனால் கோபுரத்தில் கேம் சறுக்குகிறது. சீட்டில் இடி விழுந்த கோபுரம், கிரீடம் தெறித்துவிழ இரண்டு பேர் தலைகீழாக விழுகிறார்கள். கதையில் சோங் சோ மி என்ற பெண்ணை உயிரோடு அரசாங்க உளவுத்துறையிடம் ஒப்படைத்தவருக்குத்தான் இந்த முடிவு. அவர்கள் விக்குச் சிகிச்சை செய்கிறார்கள். வி பிழைத்துக்கொள்கிறாள். இரண்டு வருஷம் நினைவில்லாமல் கிடந்து எழுகிறாள். உடம்பில் பொருத்திய சண்டைக் கருவிகளை இனிப் பயன்படுத்த முடியாது. நண்பர்கள் அவரவர் வழியில் போய்விட்டார்கள். தெருப் பொறுக்கிகள் அடித்துப் போடுகிறார்கள். கடைசிக் காட்சியில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து மறைகிறாள்.

காட்டிக்கொடுத்ததற்குத் தண்டனை என்றால் புரிகிறது. ஆனால் அந்தத் தண்டனை என்ன? சாதாரண ஆளாக ஆனது! ஆயுதம் இல்லாமல், பெயர் இல்லாமல், பஸ்ஸுக்கு நிற்கிறவர்களில் ஒருத்தியாக ஆனது. நைட் சிட்டியில் லட்சக்கணக்கானவர்கள் பிறந்த நாள்முதல் அப்படித்தான் இருக்கிறார்கள். அவர்கள் கிரீடத்தோடு எந்தக் கோபுரத்திலிருந்தும் விழவில்லை. தினம் நாம் வாழ்கிற வாழ்க்கையை வீழ்ச்சியின் படமாகக் காட்டுகிற பார்வை யாருடையது? உச்சியில் நின்று பார்க்கிறவனுடையது. கம்பெனியை இவ்வளவு திட்டுகிற பிரதி, 'பெரிய ஆள் ஆகணும்' என்கிற கம்பெனியின் கனவை மட்டும் உள்ளே வைத்துத் தைத்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் நடந்துபோகிற வியிடமிருந்துதான் வேறொரு கதை தொடங்கவேண்டும். கேம் அங்கே பெயர்ப்பட்டியலை ஓட்டிவிடுகிறது.

5

மொட்டைமாடியில் ஒரு ரகசியமும் உண்டு. எதையும் தொடாமல் ஐந்து நிமிஷம் போலச் சும்மா இருக்கவேண்டும். ஜானியோடு உறவு நன்றாக இருந்தால், அவனே பேச்செடுத்து, யாரையும் பலிகொடுக்காமல் நாம் இருவர் மட்டும் போகலாம் என்பான். பட்டியலில் உள்ள எதையும் ஏற்க மறுப்பவருக்கு ஒரு கதவு. கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மறுப்பதும் ஒரு பதில்தான் என்று இந்த மாதிரிப் பிரதி ஒத்துக்கொள்வது அபூர்வம். உள்ளே போய்ப் பார்த்தால் ஏமாற்றம். கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பது தனியாளாக ஒரு கோபுரத்தையே தாக்குகிற வீரர். பழைய வீரகதைதான். மறுப்பு என்றால் தனிமை என்றே அவர்களுக்குத் தெரிகிறது.

2006இல் ஜப்பானிய அட்லஸ் நிறுவனம் வெளியிட்ட 'பெர்சோனா 3' இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தக்கது. அதில் டாரட் பெயர்கள் முடிவுகளுக்கு அல்ல, மனிதர்களுக்கு. பழகுகிற ஒவ்வொருவரும் ஒரு சீட்டு. நாயகன் முட்டாள், அதாவது பூஜ்யம். டிசம்பர் 31ஆம் தேதி அவனிடம் கேள்வி வருகிறது. நண்பனாகப் பழகிய ரியோஜியைக் கொன்றால் எல்லோருக்கும் நடந்தது மறந்துபோகும். உலகம் அழியும், ஆனால் தெரியாமல் சிரித்துக்கொண்டே இருக்கலாம். கொல்லாவிட்டால் ஜெயிக்க முடியாது என்று தெரிந்தே போராடவேண்டும். மறதியை ஒரு வசதியாக நீட்டி, வேண்டாம் என்று சொல்லவைக்கிற இடம் அது. அங்கேயும் இறுதியில் எல்லா உறவின் பலத்தையும் சேர்த்துக்கொண்டு ஒருவன்தான் தன்னைப் பலி கொடுக்கிறான். ஆனாலும் அந்தப் பலம் பலருடையது என்று கேம் வாய்விட்டுச் சொல்கிறது.

சைபர்பங்கின் மூலம் 1988இல் அமெரிக்கக் கறுப்பர் மைக் பாண்ட்ஸ்மித் உருவாக்கிய மேசை விளையாட்டு. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, வாயால் கதை சொல்லி ஆடுவது. அதிலும் விதி உண்டு. ஆனால் ஆடுகிறவர் எழுதாத ஒன்றைக் கேட்கலாம். "நான் இந்த ரெண்டையும் செய்யலை, அந்தத் தெருவில் இருக்கிற எல்லாரையும் கூப்பிடறேன்" என்றால், நடத்துகிறவர் அதற்குப் பதில் சொல்லியே ஆகணும். கம்ப்யூட்டருக்கு வந்ததும் அந்தப் பேச்சு போய்விட்டது. எழுதிவைத்த வரிகள் மட்டும் மிச்சம். டாரட் அந்த இழப்பின் மேல் போர்த்திய பட்டுத்துணி. 'ஸ்டூடியோ இவ்வளவுதான் எழுதியது' என்பதை 'விதி இவ்வளவுதான் விதித்தது' என்று மாற்றிச் சொல்கிறது.

6

அந்த ஸ்டூடியோவிலும் மனிதர்கள் உண்டு. கட்டாய மிகுவேலை இருக்காது என்று 2019இல் வாக்குக் கொடுத்த நிறுவனம், 2020 செப்டம்பர் கடைசியில் வாரம் ஆறு நாள் வேலை என்று உத்தரவு போட்டது. அப்படியும் டிசம்பரில் கேம் ஓட்டையும் உடைசலுமாக வெளிவந்தது. சோனி தன் கடையிலிருந்தே தூக்கியது, 2021 ஜூனில்தான் திரும்பச் சேர்த்தது. 2023 ஜூலையில் சுமார் 100 பேரை வேலையை விட்டு அனுப்பப்போவதாக அறிவிப்பு வந்தது. அதே வருஷம் அங்கிருந்த தொழிலாளிகள் போலந்து கேம் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். நட்சத்திரமும் சாத்தானும் வரைந்த கைகள் அந்த மொட்டைமாடியில் இல்லாத வரி ஒன்றைத் தாங்களே எழுதிக்கொண்டன. இந்தச் செய்தி எனக்கு அந்த கேமின் எல்லா முடிவுகளையும்விடப் பெரிசாகப் படுகிறது. பமீலாவுக்கு அப்படி ஒரு சங்கம் வாய்க்கவில்லை.

7

கடைசியாக ஒரு விஷயம். கதையின் ஆரம்பத்தில் வியின் உயிர் நண்பன் ஜாக்கி வாடகைக் காரில் ரத்தம் ஒழுகிச் சாகிறான். அவனைக் காப்பாற்ற வழி கிடையாது. ஓட்டுநர் இல்லாத அந்தக் கார் ஒன்றே ஒன்று கேட்கிறது. உடம்பை எங்கே கொண்டுபோகட்டும்? டாக்டரிடம் அனுப்பினால், அராசாகா ஆட்கள் பிணத்தைக் கடத்திக்கொண்டு போகிறார்கள். செத்தவன் கம்பெனிக் கிடங்கில் நகலாகிவிடுகிறான். குடும்பத்துக்கு அனுப்பினால் அவன் அம்மா மெக்சிகோ வழக்கப்படி படையல் வைக்கிறாள். ஊரும் உறவும் வந்து, அவன் பிரியமாக வைத்திருந்த சாமானில் ஒன்றை வைத்து, நாலு வார்த்தை பேசுகிறார்கள். அவனைக் காதலித்த மிஸ்டியும், சீட்டு வாசிக்கிற அதே மிஸ்டிதான், மாமியார் ஏற்பாளோ என்ற பயத்தோடு ஓரமாக வந்து நிற்கிறாள்.

பிணம் எந்த வழியாக, யார் கைக்குப் போகிறது என்பது எவ்வளவு பெரிய அரசியல் என்று இந்தப் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கேமில் அதற்கு எந்தச் சுவரிலும் சீட்டு வரையவில்லை. மாடியில் வருகிற மாதிரி இசை கிடையாது, வானம் கிடையாது. ரத்தம் படிந்த சீட்டில் உட்கார்ந்துகொண்டு சட்டென்று சொல்லவேண்டிய பதில்.

அக்கா மகனிடம் கேட்டேன். "ஜாக்கியை எங்கடா அனுப்பினே?"

"அவங்க அம்மாகிட்ட."

"ஏன் அதைத் தேர்ந்தெடுத்தே?"

அவனுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. "அம்மாகிட்டதான மாமா குடுக்கணும். அதுல எங்க சாய்ஸ் இருந்திச்சு?"